கட்டடக்கலையில் ஆய்வுப் பட்டம்: கொழும்பிலிருந்து தொடங்குபவர்களுக்கு

கட்டடக்கலையில் முதற்பட்டம் முடித்து, இரண்டு மூன்று ஆண்டுகள் ஒரு நிறுவனத்தில் வரைபடம் வரைந்து, தளத்தில் மேசன்மாரோடும் ஒப்பந்தகாரரோடும் வாதாடிக் களைத்த பின்னர், மேற்கொண்டு படித்தால் என்ன என்ற எண்ணம் பலருக்கு வருகிறது. அந்த எண்ணத்துக்குள் இரண்டு வெவ்வேறு ஆசைகள் ஒளிந்திருக்கின்றன. இன்னும் நல்ல கட்டடங்களை வடிவமைக்க வேண்டும் என்பது ஒன்று. கட்டடங்களைப் பற்றி இதுவரை எவரும் சரியாகச் சொல்லாத ஏதோவொன்றைக் கண்டறிந்து எழுத வேண்டும் என்பது மற்றையது. முதலாவது ஆசை உள்ளவருக்கு ஆய்வுப் பட்டம் பெரிதாக உதவாது. அவர் நல்லதொரு கட்டடக் கலைஞரிடம் மேலும் சில ஆண்டுகள் பணியாற்றுவதே மேல். இந்த வழிகாட்டி இரண்டாவது ஆசை உள்ளவர்களுக்காக, குறிப்பாகக் கொழும்பில் வாழும் தமிழ் மாணவர்களை மனதில் வைத்து எழுதப்படுகிறது.

எந்தப் பட்டம் எதற்கு

ஆய்வுப் பட்டம் தொழில் உரிமம் தராது என்பதை வீட்டில் உள்ளவர்களுக்கும் சேர்த்து விளக்கிவிடுவது நல்லது. இலங்கையில் கட்டடக் கலைஞராகப் பதிவு பெறுவதற்கான பாதை வேறு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டுக் கற்கைநெறியை முடித்தோ, இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவகம் கொழும்பில் நடத்தும் கட்டடக்கலைப் பள்ளியில் பயின்றோ, அதன் பின்னர் தொழில் அனுபவமும் தொழிற்பரீட்சையும் பெற்றே அந்தப் பாதையைக் கடக்க வேண்டும். 1976ஆம் ஆண்டின் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்ட அந்த நிறுவகம், கலாநிதிப் பட்டம் பெற்றவர் என்பதற்காக மட்டும் ஒருவரைப் பட்டயக் கட்டடக் கலைஞராக ஏற்றுக்கொள்வதில்லை. ஆகவே தொழிற்பரீட்சை பாதியில் நிற்குமானால், அதை முடித்துவிட்டு ஆய்வுக்கு வருவதா, இடையில் விட்டுவிட்டு வருவதா என்பதைத் தெளிவாக முடிவு செய்யுங்கள். முடித்துவிட்டு வருவதே என் பரிந்துரை. ஆய்வு நடுவே பணம் முடைப்படும் நாளில் அந்தப் பதிவு கைகொடுக்கும்.

பட்டங்களின் பெயர்கள் நாட்டுக்கு நாடு பொருள் மாறுகின்றன. அமெரிக்காவில் எம்.ஆர்க் என்பது தொழிற்பட்டம், எம்.எஸ் என்றோ, மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் உள்ளதுபோல எஸ்.எம்.ஆர்க்.எஸ் என்றோ அழைக்கப்படுபவை ஆய்வு நோக்குடையவை, பொதுவாக இரண்டு ஆண்டுகள் நீள்பவை. கேம்பிரிட்ஜில் ஓராண்டில் முடியும் எம்.ஃபில் ஒன்று உண்டு. இலங்கையிலோ முதுதத்துவமாணி எனப்படும் எம்.ஃபில் குறைந்தது இரண்டு ஆண்டு முழுநேர ஆய்வைக் கோருவது. பெயர் ஒன்றாக இருப்பதால் இவற்றை ஒரே தரமென நினைத்து விண்ணப்பித்து, பின்னர் வேலைக்கான நேர்காணலில் விளக்கம் சொல்ல முடியாமல் திணறியவர்கள் இருக்கிறார்கள்.

உள்நாட்டில் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க இலங்கைத் தகைமைச் சட்டகம் உதவுகிறது. அதில் பன்னிரண்டு மட்டங்கள் உள்ளன. பாடநெறி மட்டும் கொண்ட 30 கிரெடிட் முதுமாணி ஒன்பதாம் மட்டம், ஆய்வுப் பகுதியோடு கூடிய 60 கிரெடிட் முதுமாணி பத்தாம் மட்டம், முதுதத்துவமாணி பதினொன்று, கலாநிதி பன்னிரண்டு. முப்பது கிரெடிட் என்பது ஓர் ஆண்டு முழுநேர உழைப்பு, அதாவது 1500 மணித்தியாலம் என்று சட்டகம் கணக்கிடுகிறது. பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவியைக் குறிவைப்பவர்கள், தாம் சேரப்போகும் கற்கைநெறி எந்த மட்டத்தில் வருகிறது என்பதைக் கட்டணம் செலுத்துவதற்கு முன்னரே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

மொறட்டுவையின் கட்டடக்கலைப் பீடத்தில் நினைவுச் சின்னங்களின் பேணுகை, நகர வடிவமைப்பு, நிலத்தோற்ற வடிவமைப்பு ஆகியவற்றில் முதுமாணிக் கற்கைநெறிகள் நடைபெற்று வந்திருக்கின்றன. முதுதத்துவமாணிக்கும் கலாநிதிக்கும் அங்கே பதிவு செய்யலாம். வெள்ளவத்தையிலிருந்து 100ஆம் இலக்கப் பஸ்ஸில் ஏறிக் கட்டுபெத்தைச் சந்தியில் இறங்கிவிடலாம் என்பதால், வேலையை விடாமல் பகுதிநேரமாகப் படிக்க விரும்பும் கொழும்புவாசிக்கு இது இயல்பான தெரிவு. வரலாற்றுக் கட்டடங்களில் ஆர்வம் உள்ளவர்கள் களனிப் பல்கலைக்கழகத்தின் கீழ் பௌத்தாலோக மாவத்தையில் இயங்கும் தொல்லியல் பட்டப்பின்படிப்பு நிறுவகத்தையும் பார்க்க வேண்டும். கட்டடக்கலையில் ஆய்வு என்றால் கட்டடக்கலைத் துறையில்தான் பதிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கேள்வி எந்தத் துறைக்கு உரியதோ அந்தத் துறையிலேயே பதியலாம்.

கேள்வியைக் கண்டுபிடித்தல்

என் முதல் ஆய்வு முன்மொழிவின் தலைப்பு, "இலங்கையில் நிலைபேறான கட்டடக்கலை" என்பதாகும். பத்துப் பக்கம் எழுதியிருந்தேன். அதைப் படித்த மூத்த விரிவுரையாளர் ஒருவர், கடைசிப் பக்கத்தின் கீழே "நாளைக் காலை எழுந்து முதலில் எங்கே போவீர்?" என்று பென்சிலால் எழுதித் திருப்பித் தந்தார். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று மாணவர்கள் என்னிடம் முன்மொழிவைக் கொண்டுவரும்போது நானும் அதே கேள்வியைத்தான் கேட்கிறேன். நாளைக் காலை எந்தத் தெருவுக்குப் போவது, எந்தக் கோப்பைத் திறப்பது, எவரோடு பேசுவது என்பதைச் சொல்ல முடியாத தலைப்பு இன்னும் ஆய்வுக்கேள்வியாக மாறவில்லை.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். கொழும்புத் தமிழ் மாணவர் ஒருவருக்கு அடுக்குமாடி வாழ்க்கையில் ஆர்வம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "அடுக்குமாடிகளும் தமிழர் பண்பாடும்" என்பது அவருடைய முதல் தலைப்பாக இருக்கும். இது ஒரு கட்டுரைப் போட்டிக்குப் பொருந்தலாம். இதைச் சுருக்க, அவர் காலி வீதிக்கும் கடற்கரைக்கும் இடையில் உள்ள வெள்ளவத்தை ஒழுங்கைகளில் இறங்கி நடக்க வேண்டும். அங்கே பழைய ஒற்றை மாடி வீடு நின்ற காணிகளில் ஒன்றன்பின் ஒன்றாக மாடிகள் எழுந்திருக்கின்றன. உள்ளே போனால் சில விடயங்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். திட்டப்படத்தில் களஞ்சிய அறை என்று குறிக்கப்பட்ட இடம் சுவாமி அறையாகியிருக்கும். பல்கனி கண்ணாடியால் அடைக்கப்பட்டு பிள்ளைகள் படிக்கும் இடமாகியிருக்கும். சமையலறைக்குப் பின்னால் உள்ள சிறு சலவைப் பகுதியில் இன்னுமோர் அடுப்பு வந்திருக்கும். மீன் பொரிப்பதும் மிளகாய்த்தூள் வறுப்பதும் அங்கேதான். நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டப்பட்ட யாழ்ப்பாணத்தின் நாற்சார் வீட்டில் முற்றமும் திண்ணையும் செய்த வேலையை இங்கே எது செய்கிறது என்று அவர் யோசிக்கத் தொடங்குவார். அப்போது கேள்வி தானாகவே ஒடுங்கும்: அனுமதிக்கப்பட்ட திட்டப்படத்துக்கும் இன்று குடும்பம் வாழும் திட்டப்படத்துக்கும் உள்ள வேறுபாடுகள் எவை, அவற்றுள் எவை வழிபாட்டினால் வந்தவை, எவை சமையலினால் வந்தவை, எவை வெறும் இடப்பற்றாக்குறையினால் வந்தவை?

இந்தக் கேள்விக்கு ஆதாரம் எங்கே இருக்கிறது என்பதும் உடனே தெரிந்துவிடுகிறது. அனுமதிக்கப்பட்ட திட்டப்படங்கள் மாநகர சபையிடமோ கட்டுநரிடமோ இருக்கும். மாடிகளைத் தனித்தனி உரிமையாகப் பிரிப்பதற்கு 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடிவீட்டு உரிமைச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்ட கூட்டாதனத் திட்டப்படங்கள் காணிப் பதிவகத்தில் இருக்கும். இன்றைய நிலையை அறிய அளவு நாடாவோடு வீட்டுக்குள் போக வேண்டும். காரணத்தை அறிய வீட்டுக்காரரோடு, முக்கியமாகச் சமையலறையில் நாளைக் கழிப்பவரோடு பேச வேண்டும். வீரகேசரி, தினகரன் பத்திரிகைகளில் பல ஆண்டுகளாக வெளிவந்த வீட்டு வாடகை, விற்பனை விளம்பரங்களை வரிசைப்படுத்தினால், எந்த ஆண்டுக்குப் பின்னர் விளம்பரத்தில் "சுவாமி அறையுடன்" என்ற சொல் விலை கூட்டும் அம்சமாகத் தோன்றத் தொடங்குகிறது என்பதைக்கூடத் தேடிப் பார்க்கலாம். முப்பது வீடுகள், இரண்டு ஒழுங்கைகள், ஒரு கேள்வி என்ற அளவு ஒரு முதுதத்துவமாணிக்குத் தாராளமாகப் போதும்.

தமிழ் தெரிந்த ஆய்வாளருக்கு வாய்க்கும் வசதியையும் இங்கே கவனிக்க வேண்டும். இலங்கைக் கட்டடக்கலை பற்றிய ஆங்கில எழுத்தில் கட்டடக் கலைஞர்களான ஜெஃப்ரி பாவாவுக்கும் மினெட் டி சில்வாவுக்கும் நியாயமான இடம் கிடைத்துவிட்டது. பாவாவைப் பற்றி எழுதப்பட்டிருப்பதை வாசித்து முடிக்கவே ஓர் ஆண்டு செல்லும். ஆனால் வீட்டு வாசலில் கூரையோடு அமையும் சங்கடப்படலையைப் பற்றியோ, மலையகத்தில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் குடும்பங்கள் காம்பரா எனப்படும் தம் அறைக்கு முன்னால் தாமாகக் கட்டிக்கொண்ட நீட்டிப்புகளைப் பற்றியோ, செட்டியார் தெருவில் நகைக்கடையும் பட்டறையும் குடியிருப்பும் ஒரே ஒடுங்கிய கட்டடத்துக்குள் எவ்வாறு அடுக்கப்பட்டன என்பதைப் பற்றியோ எழுதத் தமிழில் உள்ள காணி உறுதிகளை வாசிக்கவும், தமிழில் பேசுபவர்களின் நம்பிக்கையைப் பெறவும் வேண்டும். பாவாவின் அலுவலகத்தையே எடுத்துக்கொண்டாலும், அவரோடு நெடுங்காலம் பங்காளராக இருந்த பொறியியலாளர் பூலோகசுந்தரத்தின் பங்கைக் கட்டமைப்பின் பக்கமிருந்து பார்க்க இன்னும் இடமிருக்கிறது. எல்லாத் தமிழ் மாணவரும் தமிழர் கட்டடத்தையே ஆராய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கையில் இருக்கும் திறவுகோலை வீட்டிலே வைத்துவிட்டுப் பூட்டை உடைக்கப் போக வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

வரலாற்றிலும் சமூகத்திலும் நாட்டமில்லாதவர்களுக்குக் காலநிலை சார்ந்த கேள்விகள் நிறைய உண்டு. கொழும்பு நிலநடுக்கோட்டிலிருந்து ஏழு பாகைக்குள் இருக்கிறது. வெப்பநிலையைக் காட்டிலும் ஈரப்பதனே இங்கே மனிதரை வாட்டுகிறது. தட்டையான கொங்கிரீட் கூரையின் கீழ் உள்ள மேல்மாடி வீட்டில் இரவு பத்து மணிக்கும் வெப்பம் ஏன் தணிவதில்லை என்பதற்கு, கொங்கிரீட் பகலில் உள்வாங்கிய வெப்பத்தைத் தாமதித்து வெளியிடுவது காரணம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் எவ்வளவு தாமதம், எந்த வகைக் கூரை மேற்பூச்சு அதை எவ்வளவு குறைக்கிறது என்பதை, ஆட்கள் வாழும் வீடுகளில், மார்ச் – ஏப்ரல் வெக்கையிலும் மே மாதம் தொடங்கும் தென்மேல் பருவக்காற்றிலும் அளந்து பார்ப்பது ஆய்வு. காலநிலை கட்டுப்படுத்தப்பட்ட சோதனை அறைகளை வைத்து 1970இல் டென்மார்க் ஆய்வாளர் ஃபாங்கர் முன்வைத்த வெப்ப வசதிக் கணிப்பு முறைக்கும், யன்னல் திறந்து வாழ்பவர்கள் சூழலுக்கு இசைந்துகொள்வதைக் கணக்கில் எடுக்கும் இசைவாக்க முறைக்கும் இடையிலான விவாதத்தை இத்தகைய ஆய்வாளர் முதலிலேயே படித்திருக்க வேண்டும்.

தரவு கிடைக்கும் இடங்கள்

கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் வாசகர் அனுமதி பெற்று ஒரு கிழமை உட்கார்ந்து பார்த்த பிறகே வரலாற்றுத் தலைப்பை உறுதி செய்யுங்கள். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்கள் அங்கே உள்ளன. அவை 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. அவற்றை வாசிக்கப் பழைய டச்சு தெரிய வேண்டும் என்பதால், பெரும்பாலான மாணவர்களுக்குப் பயன்படுவது பிரித்தானியர் காலத்துக் கோப்புகளும் பழைய பத்திரிகைகளுமே. 1800இல் தொடங்கப்பட்ட நில அளவைத் திணைக்களத்தின் வரைபடங்களை நாரஹேன்பிட்டியில் வாங்கலாம். நகரத் திட்டமிடலைத் தொடுபவர்கள் 1921இல் ஸ்கொட்லாந்து நகரத் திட்டமிடலாளர் பாட்ரிக் கெடிஸ் கொழும்புக்காகத் தயாரித்த அறிக்கையிலிருந்து தொடங்கி, 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான நகர அபிவிருத்தி அதிகாரசபையின் திட்டங்கள் வரை வர வேண்டும்; 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தையும், பின்னர் குடிசைவாசிகளை மாடிகளுக்கு இடம்பெயர்த்த திட்டங்களையும் ஒப்பிட்டு வாசிக்காமல் கொழும்பின் வீடமைப்பைப் பற்றி எழுதுவது அரைகுறையாகவே முடியும்.

தமிழ் மூலங்களுக்கு வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் முதல் இடம். கோயில் கும்பாபிஷேக மலர்களை அங்கே புரட்டிப் பாருங்கள். எந்த ஆண்டு எந்த மண்டபம் கட்டப்பட்டது, எந்த ஸ்தபதி வந்தார், எவர் பணம் கொடுத்தார் என்ற விவரங்கள் அவற்றில் கிடைக்கும். கல்வியுலகம் இத்தகைய மலர்களை ஆதாரமாக மதிக்கத் தயங்குவது எனக்குப் புரிவதில்லை. கொச்சிக்கடையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலை ஆராய்பவருக்கு இவ்வகை வெளியீடுகளைத் தவிர்க்க வழியில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகத்தில் ஈழத்துப் பழைய நூல்களும் இதழ்களும் மலர்களும் மின்வடிவில் உள்ளன. பஸ் காசும் மிச்சம்.

அலுவலகங்களில் திட்டப்படம் கேட்டுப் போகும்போது பல்கலைக்கழகக் கடிதத்தலைப்பில் எழுதிய கடிதம் வேண்டும். ஒருமுறை ஓர் அலுவலகத்தில் என் கோரிக்கைக் கடிதம் மூன்று மேசைகளைச் சுற்றி ஐந்து மாதம் கழித்து, கையொப்பத்தின் கீழ் முத்திரை இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அன்றிலிருந்து எந்தக் கடிதத்தையும் முத்திரையோடு இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான ஒப்பமும் திகதியும் வாங்கிக்கொள்கிறேன். கள ஆய்வுக்கு ஆறு மாதம் ஒதுக்குபவர்கள், அனுமதிக்காகக் காத்திருக்க இன்னும் நான்கு மாதம் தனியாக ஒதுக்குங்கள். சிங்களம் பேசத் தெரிந்திருப்பது இந்தக் கட்டத்தில் எந்த மென்பொருளையும் விட உதவும்.

மேற்பார்வையாளரை அணுகுதல்

பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து விண்ணப்பிப்பது முதற்பட்டத்துக்குப் பொருந்தும். ஆய்வுப் பட்டத்தில் நீங்கள் மூன்று நான்கு ஆண்டுகள் ஒரு மனிதரோடு வேலை செய்யப் போகிறீர்கள். அவர் அண்மையில் எழுதிய இரண்டு ஆய்வுக் கட்டுரைகளையாவது முழுமையாக வாசியுங்கள். அவருடைய மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், முடிக்காமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்பதை அந்த மாணவர்களிடமே கேளுங்கள். பேராசிரியரிடம் கேட்டால் கிடைக்கும் பதிலும் மாணவரிடம் கேட்டால் கிடைக்கும் பதிலும் வேறாக இருப்பது வழக்கம். ஓய்வுபெற இரண்டு ஆண்டே உள்ளவரிடம் கலாநிதிக்குப் பதிவதற்கு முன், அடுத்து யார் பொறுப்பேற்பார் என்பதையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும். நீங்கள் யார், உங்கள் கேள்வி என்ன, அவருடைய எந்தக் கட்டுரையின் எந்த வாதத்தோடு அது தொடர்புபடுகிறது, அவர் அந்த ஆண்டு மாணவர்களை ஏற்கிறாரா என்ற நான்கு விடயங்கள் போதும். ஒரு பக்க ஆய்வுச் சுருக்கத்தையும் தற்குறிப்பையும் இணையுங்கள். நாற்பது பேருக்கு ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி அனுப்புவது அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். இரண்டு கிழமை பதில் வராவிட்டால் ஒருமுறை பணிவாக நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம். நேரில் சந்திக்கும்போது "சேர்", "மெடம்" என்ற மரியாதையில் குறை வைக்கத் தேவையில்லை, ஆனால் அந்த மரியாதைக்காகத் தலைப்பையே விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். மேற்பார்வையாளரின் பழைய திட்டமொன்றின் எஞ்சிய பகுதியைத் தலையில் வாங்கிக்கொண்டு, இரண்டாம் ஆண்டில் ஆர்வமிழந்து நின்றவர்களை நான் கண்டிருக்கிறேன்.

முன்மொழிவு

பெரும்பாலான இடங்களில் ஆயிரத்து ஐந்நூறு முதல் இரண்டாயிரம் சொற்கள் வரை கேட்பார்கள். முதற் பந்தியிலேயே கேள்வி வர வேண்டும். கொழும்பின் வரலாற்றைப் போர்த்துக்கேயரிலிருந்து தொடங்கி இரண்டு பக்கம் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வரும் பழக்கம் நம்மவரிடம் அதிகம். தேர்வுக் குழுவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. இலக்கிய மீளாய்வு என்பது யார் யார் என்ன எழுதினார்கள் என்ற பட்டியலாக இல்லாமல், அவர்கள் எங்கே முரண்படுகிறார்கள், எந்த இடத்தைத் தொடாமல் விட்டார்கள் என்பதைக் காட்ட வேண்டும். ஆய்வு முறையை எழுதும்போது கருவிகளின் பெயரால் மிரட்ட வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பில் ஹிலியரும் ஜூலியன் ஹான்சனும் வளர்த்தெடுத்த வெளித் தொடரியல் முறை, வீட்டின் அறைகள் ஒன்றோடொன்று இணையும் ஒழுங்கை எண்களாக மாற்றித் தருகிறது. மேலே சொன்ன சுவாமி அறைக் கேள்விக்கு அது பொருந்தலாம், ஏனெனில் வாசலிலிருந்து எத்தனை அறைகளைக் கடந்து அந்த அறைக்குள் போக வேண்டியிருக்கிறது என்பதே அங்கே ஒரு தரவு. அதே முறையைக் கூரையின் வெப்பத்தை ஆராய்பவர் முன்மொழிவில் சேர்த்தால், அவருக்குத் தன் கேள்வியே விளங்கவில்லை என்று வாசிப்பவர் முடிவு செய்துவிடுவார்.

கால அட்டவணையில் சித்திரைப் புத்தாண்டையும், வெசாக்கையும், பரீட்சைக் காலத்தில் எந்த வீட்டிலும் நேர்காணலுக்கு இடமிராது என்பதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருப்பதால், தமிழ்ச் சொற்களை எப்படிக் கையாள்வது என்பதை ஆரம்பத்திலேயே தீர்மானிப்பது அவசியம். திண்ணையை "வராந்தா" என்று மாற்றிவிட்டால், வழிப்போக்கர் அமர்ந்து இளைப்பாறும் உரிமை அந்தச் சொல்லிலிருந்து விழுந்துவிடுகிறது. தலைவாசல், மாடுகள் உடலை உரசிக்கொள்ள நடப்படும் ஆவுரஞ்சிக்கல், சுமைதாங்கி ஆகியவற்றுக்கும் இதே கதைதான். சொல்லை அப்படியே ஒலிபெயர்த்து, முதன்முறை வரும்போது ஒரு வாக்கியத்தில் விளக்கி, பின்னிணைப்பில் சொற்பட்டியல் கொடுப்பதே நேர்மையான வழி. நேர்காணல்களைத் தமிழிலேயே எழுத்தில் பதிந்து, மேற்கோள் காட்டும் பகுதிகளை மட்டும் மொழிபெயருங்கள். முழுவதையும் ஆங்கிலமாக்கிவிட்டு மூலத்தை அழித்தவர்கள் பிற்பாடு வருந்தியிருக்கிறார்கள்.

வெளிநாடும் பணமும்

வெளிநாட்டுக் கலாநிதிப் படிப்பைச் சொந்தச் செலவில் செய்வதை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை. அமெரிக்காவில் கட்டடக்கலைக் கலாநிதி மாணவர்களுக்குப் பல முன்னணிப் பல்கலைக்கழகங்கள் கட்டண விலக்கும் உதவித்தொகையும் தருகின்றன. அதற்கு ஈடாகக் கற்பித்தலில் உதவ வேண்டும், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் ஆகலாம். விண்ணப்ப முடிவுத் திகதிகள் பெரும்பாலும் டிசம்பரிலும் ஜனவரியிலும் வரும். நெதர்லாந்தில் கலாநிதி ஆய்வாளர் பெரும்பாலும் சம்பளம் பெறும் ஊழியராகவே நியமிக்கப்படுகிறார், ஆகவே அங்கே வேலை விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். பிரித்தானியாவின் செவனிங் புலமைப்பரிசில் ஓராண்டு முதுமாணிக்கு மட்டுமே. இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும், முடித்தபின் இரண்டு ஆண்டு நாடு திரும்பியிருக்க வேண்டும். கலாநிதிக்குப் பொதுநலவாயப் புலமைப்பரிசிலைப் பாருங்கள். ஜப்பானிய அரசின் புலமைப்பரிசிலில் முதலில் ஆய்வு மாணவராகச் சேர்ந்து, பின்னர் நுழைவுத் தேர்வின் மூலம் பட்டத்துக்கு மாறும் வழி உண்டு. கொழும்பிலுள்ள தூதரகம் அதற்கான அறிவித்தலை வெளியிடும். முதுமாணிக்கு இந்தியா செல்ல விரும்புவோர் இந்திய உயர்ஸ்தானிகராலயம் வழங்கும் மௌலானா ஆசாத் புலமைப்பரிசிலைக் கவனிக்கலாம். அகமதாபாத்தில் 1962இல் பாலகிருஷ்ண தோஷி தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த செப்ட் பல்கலைக்கழகமும், சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பள்ளியும் நமது காலநிலையையும் கட்டடப் பொருட்களையும் அந்நியமாகப் பார்க்காத இடங்கள்.

பகுதிநேரமாக உள்நாட்டில் படிப்பவர்களுக்கு ஒரு சொல். கட்டடக்கலை நிறுவனங்களில் வேலை மாலை ஐந்து மணிக்கு முடிவதில்லை. கிழமையில் ஒரு நாளை, அது சனியாக இருந்தாலும், எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளாதவர் முதலாம் ஆண்டு முடிவில் நூறு கட்டுரைகளைத் தரவிறக்கி வைத்திருப்பார், ஒன்றையும் வாசித்திருக்க மாட்டார்.

வீடுகளுக்குள் போகும்போது

ஒழுக்க நெறி அனுமதிப் படிவத்தை நிரப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ண வேண்டாம். கொழும்பில் வீட்டைப் பற்றிக் கேட்பது சாதாரண கேள்வி அன்று. 1983 ஜூலையில் வீட்டை இழந்தவர்கள், பின்னர் பல ஆண்டுகள் பொலிஸ் பதிவுப் படிவத்தில் வீட்டிலுள்ளோர் விவரத்தை எழுதிக் கொடுத்துப் பழகியவர்கள், அளவு நாடாவோடும் குறிப்புப் புத்தகத்தோடும் வரும் இளைஞரைக் கண்டு கதவைப் பாதி திறந்து பேசுவது இயல்பே. முதல் நாள் எதையும் அளக்காதீர்கள். தெரிந்தவர் ஒருவரோடு போய், தேநீர் குடித்து, என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைத் தமிழில் எழுதிய ஒரு தாளைக் கொடுத்துவிட்டு வாருங்கள். உறுதியைப் பார்க்கக் கேட்பதைக் கடைசிச் சந்திப்புக்குத் தள்ளிப்போடுங்கள். பல வேளைகளில் அவர்களே எடுத்துக் காட்டுவார்கள். சுவாமி அறைக்குள் கால் வைக்கவோ படம் எடுக்கவோ கூடாது என்றால் வாசலில் நின்று கையால் வரையுங்கள். சட்டத்துக்கு மாறாகப் பல்கனியை அடைத்த வீட்டின் இலக்கம் உங்கள் ஆய்வேட்டில் வருமானால், உங்கள் பட்டத்துக்கு விலை கொடுப்பவர் அந்த வீட்டுக்காரராவார்; ஒழுங்கையின் பெயரைக்கூட மாற்றிவிடுவது நல்லது.

எழுதி முடித்தல்

பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கலாநிதி ஆய்வேட்டின் மேல்வரம்பு 80,000 சொற்கள் அளவில் இருக்கிறது. கட்டடக்கலை மாணவர் வரைவதில் வேகமும் எழுதுவதில் தயக்கமும் உள்ளவர் என்பதால், தரவு எல்லாம் சேர்ந்த பிறகு எழுதலாம் என்று காத்திருப்பதே அவருடைய பெரிய ஆபத்து. முதல் வீட்டை அளந்த அன்றிரவே அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுங்கள். வரைபடங்கள் எல்லாவற்றையும் ஒரே அளவுத்திட்டத்தில், ஒரே திசைநோக்கில் வரையுங்கள். முப்பது வீடுகளை ஒரு பக்கத்தில் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, நேர்காணலில் எவரும் சொல்லாத ஒழுங்கு கண்ணில் படும். உசாத்துணைகளை முதல் நாளிலிருந்தே ஸொட்டேரோ போன்ற இலவச மென்பொருளில் சேர்த்து வாருங்கள். இடையில் ஒரு கட்டுரையை, மொறட்டுவையின் கட்டடக்கலைப் பீட ஆய்வுப் பிரிவு நடத்தும் மாநாட்டைப் போன்ற ஓரிடத்தில் வாசியுங்கள். வாய்மொழித் தேர்வில் வரப்போகும் கடினமான கேள்விகளில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

வாய்மொழித் தேர்வில் திருத்தம் எதுவுமின்றி வெளியே வருபவர் அரிது. தேர்வாளர் சொல்லும் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டு, திருத்திய பக்க எண்ணை எதிரே குறித்து ஓர் அட்டவணையாகத் திருப்பிக் கொடுங்கள். ஆய்வேட்டைக் கட்டிக் கொடுத்த பின், ஒவ்வொரு வீட்டின் திட்டப்படத்தையும் நல்ல தாளில் அச்சிட்டு அந்தந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி வையுங்கள். பல வீடுகளில் அவர்களிடம் இருக்கும் ஒரே சரியான திட்டப்படம் அதுவாகத்தான் இருக்கும்.